பதினான்காம் படுக்கைக்காரர் நன்றாகத் தூங்கினார்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. வெள்ளைக் கோட்டின் பைக்குள் அடங்குகிற அளவு. அதில் ஒரு பக்கத்தில், கோணல்மாணலான ஆங்கில எழுத்தில் ஒரு வரி: நோயாளி நேற்றிரவு நன்றாகத் தூங்கினார். அதன் கடைசிச் சொல்லிலிருந்து தாளின் ஓரம் வரை பேனா நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கிறது. மிருகக்காட்சிசாலை நிறுத்தத்தில் பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டபோது விழுந்த கோடு.

எங்கள் வீடு வங்காளத் தலைநகரில், பவானிபூரில். மருத்துவக் கல்லூரியில் படித்தபோது வார்டுப் பயிற்சியைக் கிடர்பூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டார்கள். என்னுடன் படித்தவர்களில் பலர் காரில் வந்து இறங்குவார்கள், சட்டை மடிப்புக் கலையாமல். "கார் வாங்கினா நம்ம சந்துல எங்கே நிறுத்தறது, மொட்டை மாடியிலயா?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். நான் ஹாஜ்ரா முனையில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டும் நின்றேன். காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியர் வார்டைச் சுற்றி வருவார். கடைசிப் படுக்கை முடிந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். அதற்குள் நமக்கு ஒதுக்கிய நோயாளியிடம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டு, நெஞ்சைக் கேட்டுப் பார்த்து, எழுதி, அவர் முன் வாசிக்க வேண்டும். பஸ்ஸை நம்பியவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி இருந்தது. நேற்றைய குறிப்பையே இரண்டு சொல் மாற்றி, வரும் வழியில் எழுதிக்கொள்வது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஒரு ராத்திரியில் நோயாளி என்ன பெரிதாக மாறிவிடப் போகிறார்?

பதினான்காம் படுக்கை என்னுடையது. அதில் இருந்தவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இருதயம் பலவீனமாகி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் அவரைக் காக்கு என்று கூப்பிட்டேன், இந்த ஊரில் சித்தப்பா வயதுக்காரர்களை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி. நான் அவர் உடம்பைப் பற்றிக் கேட்பதற்குள் அவர் வங்காள மொழியில் என்னைக் கேட்டுவிடுவார்: "எந்த பஸ்ல வந்தே, மா?" நான் அவசரமாக ஸ்டெதாஸ்கோப்பைப் பதித்தால், "ஆஸ்தே, லேடீஸ்!" என்பார். மெதுவாக, ஒரு பெண்பிள்ளை இறங்குகிறாள் என்று கண்டக்டர்கள் டிரைவருக்குக் கொடுக்கிற குரல் அது. சொல்லிவிட்டுச் சிரிப்பார், சிரித்ததில் மூச்சு வாங்கும். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பஸ், வார்டு, பஸ், புத்தகம். யாராவது கிள்ளினால்கூட நாளைக்கு வலித்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன்.

ஐந்து நாட்கள் தாமதமாகப் போய் ஏற்கெனவே வருகை குறைந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். காக்குவிடம் சொன்னேன். அவர் தலையணையை முதுகுக்குப் பின்னால் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "ஹாஜ்ராவுல நிக்காதே. காளிகாட் பாலம் வரைக்கும் நடந்து போ. பாலத்துக்கு அந்தண்டை ஒரு மினிபஸ் காலியா வரும். இருபது நிமிஷத்துல இங்கே வந்துடலாம், என் பேரைச் சொல்லி உட்கார்ந்துக்கோ" என்றார்.

மறுநாள் நடந்து போனேன். மினிபஸ் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து டீக்கடைக்காரர், "அந்த ரூட்டா? அது நின்னு எத்தனை வருஷமாச்சு, திதி" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார். காக்குவின் மேல் வந்த கோபத்தோடு, கிடைத்த வேறொரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டு குறிப்பை எழுதினேன். நன்றாகத் தூங்கினார். மூச்சுத்திணறல் குறைவு.

நான் ஓடி வந்து சேர்ந்தபோது பேராசிரியர் பதின்மூன்றில் இருந்தார். பதினான்கு யாருடையது என்றார். என்னுடையது என்று நோட்டைத் திறந்து, நிமிராமல் வாசித்தேன்.

"நன்றாகத் தூங்கினாரா?"

"ஆமாம், சார்."

"அவரே சொன்னாரா?"

"காலையில் சொன்னார், சார்."

யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். படுக்கையில் மீசை அரும்பிய ஓர் இளைஞன் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தான். வார்டு சிஸ்டர் என் காதருகே வந்து, "அவர் இல்லையேம்மா. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார்" என்றார்.

பேராசிரியர் பதினைந்துக்கு நகர்ந்தார். கடைசியில் பதிவேட்டைத் திறந்து, என் பெயரைக் கூப்பிட்டு, என்னை ஒரு முறை பார்த்து, வந்திருக்கிறாள் என்று குறித்தார். அது இரக்கமா தண்டனையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு முதலில் தோன்றியது, தப்பித்தேன் என்பதுதான். அழுகை வரவில்லை. கேன்டீனுக்குப் போய்ப் பட்டாணிச் சுண்டல் மாதிரியான கூக்னி சாப்பிட்டேன், பச்சை மிளகாய் கூடக் கேட்டு வாங்கி. திரும்பும்போது ஹாஜ்ராவில் இறங்க எழுந்தேன். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்!" என்று கத்தினான். நான் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது நான் வேறொரு ஆஸ்பத்திரியில் மாணவர்களுக்கு வார்டு சுற்றிக் காட்டுகிறேன். காரில்தான் போகிறேன். போன வாரம் ஒரு மாணவி வியர்த்து, கடைசி ஆளாக வந்து நின்று, தன் நோயாளி நன்றாகத் தூங்கினார் என்று வாசித்தாள். நோயாளி தலையணையில் சாய்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த தாளில் எழுத்து ஆடியிருந்தது.

"எந்த பஸ்ஸில் வந்தாய்?" என்று கேட்டேன்.

அவள் நம்பரைச் சொன்னாள். தாளைக் கீழே வைத்துவிட்டு அவரையே கேள் என்றேன். அவள் குனிந்து கேட்டாள். ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லை என்றார் அவர். அவளுக்கும் வருகை போட்டேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அது விழுந்த நேரத்தில் பதினான்காம் படுக்கைக்கு விரிப்பு மாற்றியாகிவிட்டது. முந்தின ராத்திரி அவர் எப்படித் தூங்கினார் என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை.