சொல்லிக்கொண்டு போவது

துக்க வீட்டுக்குப் போனால் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. ‘போயிட்டு வரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். செருப்பைத் தேடுகிற சாக்கில் நைசாக நழுவிவிட வேண்டும். இந்த நாற்பது வயதில் எனக்கு அது நன்றாகவே பழகிவிட்டது. மாதத்துக்கு ஒரு வீடாவது வந்துவிடுகிறது. ஒன்பது வயதில் தெரியவில்லை.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அத்தை, அப்பாவின் அக்கா, இருந்தாள். சம்பாவுக்கு விதைநெல் வாங்க மயிலாடுதுறைக்குக் கிளம்பிய மாமா, பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். வேனில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு. சொன்னா வந்துடுவாரு. யாரையோ கொண்டாந்து போட்டுட்டு அழுவுறாங்க” என்றாள் அம்மாவிடம்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிய பிறகும் அவள் மாறவில்லை. வழக்கப்படி ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்ப, அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “வூட்டுக்கு வந்தவங்க சொல்லிக்காமப் போறது என்ன பழக்கம்?” என்று வாசலில் நின்று கத்தினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. “போயிட்டு வரேன் அத்தை” என்றேன், உரக்க.

அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். அத்தையோ என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, “இவ ஒருத்திக்குத்தான் மரியாதை தெரியுது” என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள், உள்ளே போய் ஒரு பிடி சோறு சாப்பிட்டாள்.

அதிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. பட்டினி கிடந்தே அக்கா போய்விடுவாளோ என்று பயந்த அப்பா, பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் அம்மாவையும் தஞ்சாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் கூட்டிப் போவார். போவது, கொஞ்ச நேரம் இருப்பது, நான் சொல்வது, அத்தை சாப்பிடுவது, மறுபடியும் பஸ். அப்பா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். பதினைந்து நாளில் பாதி ஆளாகிவிட்டார். எனக்கானால் பெருமை தலைக்கேறியிருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. மாமா படத்துக்கு மாலை போட்டால் அத்தை சண்டைக்கு வருவாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவளோ மாலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் முன்னால் இலை போட்டபோது தானே எழுந்து வந்து வாழைக்காய் வறுவலை வைத்தாள். அவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு வைத்தாள்.

கிளம்பும்போது நான் வழக்கம்போல வாசலில் நின்று, “போயிட்டு…” என்று ஆரம்பித்தேன். அத்தை என் வாயைப் பொத்தினாள்.

“சொல்லக் கூடாதுடி. இது எழவு வூடு. சொல்லாமப் போ.”

திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் ஓவென்று அழுத சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பஸ்ஸில் நான் தேம்பிக்கொண்டே வந்தேன். பதினைந்து நாள் மரியாதை தெரிந்தவளாக இருந்த நான், ஒரே நாளில் எப்படித் தெரியாதவளானேன்? அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; எனக்காகத்தான் என்று நினைத்தேன். அப்பா மட்டும் சீட்டில் சாய்ந்து, “அப்பாடா” என்றார். நான் திட்டு வாங்கியதில் இந்த மனுஷனுக்கு அப்படி என்ன நிம்மதி என்று, தஞ்சாவூர் வரும்வரை அவரோடு நான் பேசவே இல்லை.