நாலு மொட்டைக்கு ஒரு வேட்டி

கடலூரில் நான் ஸ்டூடியோ வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. பக்கத்துத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் முகூர்த்தம் உள்ள நாட்களில் கல்யாண ஜோடிகள் மாலையோடு வந்து நிற்பார்கள். மொட்டை போட்டவர்களும் வருவார்கள், ஆனால் பெரும்பாலும் குழந்தை மட்டும்தான் மொட்டையாக இருக்கும். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பத்தில் நாலு பேருமே மொட்டை: கணவர், மனைவி, அவள் தம்பி, மூன்று வயசுப் பையன்.

ஆண்கள் மூவருக்கும் முன்பே பேசி வைத்த வேண்டுதல். அவள் மட்டும் யாரிடமும் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தாளாம், சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை கிடைத்தால் முடி கொடுப்பதாக. வேலையும் கிடைத்துவிட்டது. பையனுக்கு மழித்து முடித்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துவிட்டாள். கணவர் இதைச் சொல்லும்போதும் நம்ப முடியாதவர் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் தலையைப் போர்த்தியிருந்தாள்.

துணியில் ஒட்டுகிறதென்று சந்தனத்தை என் குழாயடியில் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல இரண்டு பக்கமும் சதுரமாக வெள்ளைத் துணி மூடிய சாஃப்ட்பாக்ஸ் விளக்கு வைத்து ஒரு படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் ஆண்கள் மூவர் தலையிலும் இரண்டிரண்டு வெள்ளைச் சதுரம். பையன் அப்பாவின் உச்சியைத் தொட்டுப் பார்த்து, லைட்டு உள்ளே போயிடுச்சா என்று கேட்டான். பவுடர் போட்டேன், வியர்வையில் கரைந்து வழிந்தது. விளக்கை உயர்த்தினேன், கண்களுக்குக் கீழே கருநிழல் விழுந்தது.

பளபளப்பு அடங்க வேண்டுமானால் வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். பெரிய வெள்ளைத் துணி ஏதாவது இருந்தால் நல்லது என்றேன். தம்பி பையைத் திறந்து, கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன எட்டு முழ வேட்டியை எடுத்து நீட்டினான். அதைக் கம்பியில் விரித்துத் தொங்கவிட்டு, இரண்டு விளக்கையும் அதன் பின்னால் தள்ளினேன். எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை. இந்த முறை தலைகளில் மெல்லிய மினுமினுப்பு மட்டுமே இருந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் முந்தானையை இறக்கி இடுப்பில் செருகினாள்.

"போத்திக்கினே எடுக்கலாம்மா, நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

"வாணாங்க்கா. நாளைக்கி கம்பெனிக்கி இப்பிடித்தான போவப் போறேன்."

குடும்பப் படம் முடிந்ததும் தனியாக ஒன்று எடுக்கச் சொன்னாள். அதற்கு வேட்டியைக் கழற்றிவிட்டு, ஒரே விளக்கை அவளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் வைத்தேன். அட்டையை முகத்தருகே பிடித்துக்கொண்டார் கணவர். நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு வெளிச்சக் கோடு ஓடியது. அது அதிகமாகத் தெரிந்தால் கம்ப்யூட்டரில் குறைத்துத் தருகிறேன் என்றேன்.

"அது இருக்கட்டும்க்கா. என் தலை இவ்ளோ உருண்டையா இருக்கும்னு எனக்கே தெரியாது."

கல்யாணமாகி அஞ்சு வருஷமாகியும் தனக்கும் தெரியாது என்றார் கணவர். அட்டை ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் படங்களை வாங்க அவர் மட்டும் வந்தார். கம்பெனியில் முதலில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்களாம், மத்தியானத்துக்குள் ஆளாளுக்குத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டார்களாம். குடும்பப் படத்தைச் சின்னதாகவும் அவள் தனிப்படத்தை ஹாலில் மாட்டுமளவுக்குப் பெரிதாகவும் பிரேம் போடச் சொன்னார். குடும்பப் படத்தில் தன் தலை கொஞ்சம் கோணலாகத் தெரிகிறதாம்.