வெறுமனே எண்ணுகிற வேலை

நாற்றுப்பண்ணையில் அவளுக்குக் கடிகாரம் என்று பேர். கையில் வாட்சே கட்டாதவளுக்கு அந்தப் பேர் வந்தது பனித்தூவல் கூடத்தால். வெட்டி நட்ட ரோஜாக் குச்சிகள் வேர் விடும்வரை, பகலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி தூவல் விட வேண்டும். குறைந்தால் இலை சுருளும், கூடினால் அடி அழுகும். முதலாளி வாங்கி வந்த டைமருக்கு ஒரு நிமிடத்துக்குக் குறைவாகத் திறக்கத் தெரியாது. ஆகவே பதினொரு வருடமாக அவளேதான் டைமர். வால்வைத் திறந்து, ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணி மூடுவாள். எண்ணிக்கொண்டே தொட்டிக்கு மண் நிரப்புவாள், வேலையாளைத் திட்டுவாள். ஐந்து ஐந்தாகவே இருக்கும்.

பெருமைதான், ஆனால் அந்த இடத்தை விட்டு நகர முடியாத பெருமை. மாற்று ஆளை நிறுத்திய இரண்டு முறையும் ஒரு படுகைக் குச்சி அப்படியே குப்பைக்குப் போனது. இப்போது வெளியூரில் மகளுக்கு நிறைமாதம். தேதிக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

“வந்துருவல்லம்மா?” என்று போனில் கேட்டாள் மகள்.

“வராம?” என்றாள் இவள். சொல்லிவிட்டாளே தவிர, படுகையில் நாலாயிரம் குச்சி இருந்தது.

அந்தத் தைரியத்துக்குக் காரணம், சோப்புப் பெட்டியளவு ஒரு டப்பா. உள்ளே நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர் சிப். நூலகத்தில் நடந்த மாலை வகுப்புக்கு இரண்டு மாதம் போய்க் கற்றுக்கொண்டு, அவளே புரோகிராம் எழுதியிருந்தாள். வால்வைத் திற, இத்தனை லட்சம்வரை எண்ணு, மூடு, மறுபடி எண்ணு. தான் செய்வதையே சிப்பையும் செய்யவிட்டாள், அவ்வளவுதான். எத்தனைவரை எண்ணினால் ஐந்து விநாடி என்பதையும் தன் எண்ணிக்கையை வைத்தே சரிபார்த்தாள். நாலு நாள் டப்பா பிசகாமல் ஓடியது.

ஐந்தாம் நாள் கொழுந்தன் வந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை, எதைப் பார்த்தாலும் கை அரிக்கும்.

“அண்ணி, இத எந்தக் கம்பைலர்ல போட்டீங்க? இது அரதப்பழசு. நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்.”

நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அவளிடம் இருந்தது சாது. எழுதினதை எழுதினபடி மாற்றும். அவன் போட்டுத் தந்தது கெட்டிக்காரக் கம்பைலர். புரோகிராம் பாதியாகச் சுருங்கிவிட்டதென்று பூரித்துப்போய் ஊருக்குக் கிளம்பினான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

மறுநாள் முற்பகல் டப்பாவை மறுபடி மாட்டிவிட்டு வெளியே தொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு உறைத்தது, பத்து நிமிடம் தாண்டியும் தூவல் சத்தம் வரவில்லை. உள்ளே ஓடினாள். வால்வு திறக்கும்போது மட்டும் எரிய வேண்டிய டப்பா விளக்கு எரியவும் இல்லை, அணையவும் இல்லை, மங்கலாக நின்றது. வால்வு திறக்கவே இல்லை. ஓரத்து இலைகள் தொங்கிவிட்டன. ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வால்வைக் கையால் திறந்தாள். அந்த அவசரத்திலும் சரியாக ஐந்துவரை எண்ணித்தான் மூடினாள்.

சாயங்காலம்வரை அப்படியே கையால் ஓட்டிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு வரியும் என்ன கட்டளையாக மாறியது என்று கம்பைலர் எழுதிவைக்கும் பட்டியலைத் தேடிப் பிடித்தாள். திற என்ற வரிக்குக் கட்டளை இருந்தது. மூடு என்பதற்கும் இருந்தது. எண்ணு என்ற வரிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. திறந்த கணமே மூடு, மூடிய கணமே திற என்று ஓடியதில் வால்வுக்கு அசையவே நேரம் இருந்திருக்காது.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

“அது வந்து, அண்ணி,” என்று இழுத்தான். “எண்ணி முடிச்ச நம்பர வச்சு நீங்க எதுவும் செய்யலல்ல? வேலையத்த வேலைன்னு அது தூக்கிப் போட்டிருச்சு.”

“வேலையத்த வேலையா? பதினோரு வருஷமா நான் பாக்கறது அதுதான், தம்பி.”

தூக்காதே என்று புரோகிராமில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும் என்றான்.

“சேத்தா அதே அஞ்சு செகண்ட் வருமா?”

“சொல்ல முடியாது. கம்பைலர் மாறினா எண்ணுற வேகமும் மாறும்.”

“அப்ப அது எனக்கு ஆகாது. வேற சொல்லுங்க.”

“சிப்புக்குள்ளயே தனியா டைமர் ஒண்ணு இருக்கு. வாட்சுல மாதிரி போர்டுலயும் இருக்கற கிரிஸ்டலோட துடிப்ப அதுபாட்டுக்கு எண்ணிட்டே இருக்கும். கம்பைலர் எதுவா இருந்தாலும் அதோட வேகம் மாறாது.”

மூன்று மாலைகளில் அதைப் படித்து, மாற்றி எழுதினாள். பழைய கம்பைலரில் போட்டுப் பார்த்தாள், ஐந்து. புதியதில் போட்டாள், அதுவும் ஐந்து. கடைசியில் பழையதையே வைத்துக்கொண்டாள்.

“அதான் ரெண்டும் ஒண்ணுன்னு ஆச்சே, புதுசையே வச்சுக்கலாமே?” என்றான் கொழுந்தன் போனில்.

“ஊருக்குப் போற அன்னைக்கு யாராவது புதுச் செருப்பு போடுவாங்களா? என் தப்புன்னு பழசு எடுத்துக் காட்டறதெல்லாம் எனக்குப் படிச்சாப் புரியுது. கத்துக்கறவளுக்கு அது போதும்.”

முதலாளிதான் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். “நம்பலாமாம்மா?”

“என்னை நம்பினீங்கல்ல. இது நான் செஞ்சது.”

டப்பாவை இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒருமுறைகூடப் பண்ணைக்குப் போன் செய்யவில்லை.

மகளுக்கு வலி கண்டது நாலு நாள் கழித்து, முற்பகலில். ஆஸ்பத்திரி அறைக்குள் நர்ஸ் வந்து, வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டாள். மருமகன் போனில் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏழு நிமிஷம்,” என்றாள் இவள். “வந்தா நாப்பது செகண்ட் நிக்குது.”

நர்ஸ் நம்பாமல் அடுத்த வலியைச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்தாள். நாற்பது. அதை அட்டையில் எழுதிக்கொண்டு போனாள். எப்போது எண்ண ஆரம்பித்தோம் என்று இவளுக்கே தெரியவில்லை.

அடுத்தது வந்தபோது மகள் அவள் கையை நெரித்தாள். “சத்தமா எண்ணும்மா.”

“நம்பர் எதுக்குடி உனக்கு?”

“நம்பர் வேண்டாம். நீ எண்ணு.”

ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணத் தொடங்கினாள். நாற்பது தாண்டி மகளின் பிடி தளர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.