டாக்டர் வள்ளி தீப்பெட்டி

வள்ளிமயிலுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தபோது அவளுடைய சித்தப்பா கிருஷ்ணராஜ் போஸ்டர் ஒட்டவில்லை, தீப்பெட்டி போட்டார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்குச் சந்தோஷம் தலைக்கேறினால் செய்கிற காரியம் அது. பேரன் பிறந்தால் ஒரு லேபிள், குலதெய்வத்துக்குக் கொடை கழித்தால் ஒரு லேபிள். இவர் அண்ணன் மகளைப் போட்டார்.

பட்டமளிப்பு விழாப் படத்தை வாங்கி, சிவகாசி ஆர்ட்டிஸ்ட் அவளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தான். கையில் ஒரு மைக்ராஸ்கோப். அதைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கியிருந்தாள். கீழே சிவப்பு எழுத்தில், ‘டாக்டர் வள்ளி. கேன்சரைக் கொல்லும் செல்லைக் கண்டுபிடித்தவர்.’

பச்சைப் பொய். அவள் கண்டுபிடிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிநாட்டில் யார் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிற அணுதான் அது. உடம்பில் கெட்டுப்போன செல் ஒன்று தட்டுப்பட்டால், யாரும் அடையாளம் காட்டித் தராமலே போய்க் கொன்றுவிடும். அதனால் ‘நேச்சுரல் கில்லர்’ என்று பெயர். மார்புப் புற்று வந்த பெண்களின் உடம்பில் இந்தக் கொல்லிகள் ஏன் சோம்பிக் கிடக்கின்றன என்பதுதான் வள்ளியின் ஆராய்ச்சி. சென்னையில், கண்ணாடிக் கிண்ணத்தில், நோயாளியின் ரத்த அணுக்களையும் புற்றுச் செல்களையும் நான்கு மணி நேரம் ஒன்றாக விட்டுவைத்து, எத்தனை செத்தது என்று பார்ப்பாள். அவ்வளவுதான். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

லேபிள் கட்டு கூரியரில் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தாள். ஊரில் பீடி குடிக்கிறவன் எல்லாம் ஒரு கேன்சர் ஆராய்ச்சிக்காரியின் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பற்றவைக்கிறான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சித்தப்பாவுக்குப் போன் போட்டு, “நல்லாருக்கு சித்தப்பா” என்றாள். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் அது இனித்தது.

ஆறு மாதம் கழித்து, இரண்டாயிரத்தொன்றில், பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தாள். பையில் ரத்தம் எடுக்கிற குழாய்களும் ஊசிகளும் இருந்தன. நோயில்லாத பெண்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சொந்தக்காரிகளை விட்டால் யார் கை நீட்டுவார்கள்?

மூன்றாவது வீட்டு மாரித்தாய் வந்தாள். சித்தப்பாவின் ஆபீஸுக்கு வீட்டில் இருந்தே லேபிள் ஒட்டிக் கொடுக்கிறவள். புருஷன் வெயிலுமுத்து மானாவாரிக் காட்டில் உளுந்து போடுகிறவன். அவள் நடைக்குள் ஏறும் முன்பே ஒரு வாடை ஏறியது. வள்ளிக்கு அந்த வாடை தெரியும்.

“எங்கன இருந்தாலும் திருவிழாவுக்கு நீ வருவன்னு தெரியும் தாயி. அதாம் காத்துக் கெடக்கேன்” என்று கதவைச் சாத்திவிட்டு, மாரித்தாய் சேலையை விலக்கினாள். இடது மார்பு வெடித்துப் புண்ணாகியிருந்தது. பழந்துணியை மடித்து வைத்திருந்தாள். துணி ஊறியிருந்தது.

வள்ளி ஓரடி பின்னால் போனாள். பத்து வருஷமாக ரத்தத்திலும் சீழிலும் புழங்குகிறவள், முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பொத்தியது தெரிந்ததும் கையை இறக்கினாள். மாரித்தாய் அதைப் பார்த்துவிட்டாள்.

“மாரியக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“கட்டி சின்னதா இருக்கையிலயே மதுரைக்குப் போனோம். அறுத்துட்டுக் கரண்டு வைக்கணும்னு சொன்னாவ. நாந்தான் வேண்டாம்னுட்டேன். நம்ம வள்ளி மருந்து கண்டுபிடிச்சிருக்கும்போது நான் எதுக்கு அறுத்துக்கிடணும்? தெனமும் ரெண்டாயிரம் பெட்டியில ஒம் மூஞ்சியத்தான ஒட்டுதேன். அச்சுல போட்டுருக்கே!”

மாரித்தாய் சொல்லி முடித்ததும் வள்ளியின் மனசில் முதலில் எழுந்தது ‘ஐயோ’ இல்லை. ‘வைத்தியமே தொடாத ரத்தம்’ என்பதுதான் முதலில் எழுந்தது. இரண்டு வருஷமாக அவள் அலைந்தது அதற்குத்தான். சென்னையில் அவள் கைக்கு வருகிற நோயாளிகள் எல்லோரும் கரண்டு என்கிற கதிர்வீச்சு வாங்கி, ஊசி போட்டுத்தான் வருவார்கள். கொல்லி அணுக்களை முடக்கியது நோயா வைத்தியமா என்று பிரிக்கவே முடியாது. இங்கே ஒருத்தி முற்றிய கட்டியோடு, ஒரு மாத்திரைகூட விழுங்காமல், எதிரே நிற்கிறாள். சீ, நானும் ஒரு பொம்பளையா என்றிருந்தது.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து, “ஏட்டி, எல்லாவனும் புலி போடுதான், சிங்கம் போடுதான். நான் எம் பிள்ளையப் போட்டேன். இது ஒரு குத்தமா? லேபிளப் பாத்து வைத்தியம் பாக்கச் சொன்னனா?” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அந்த முகத்தில் காறித் துப்பலாம் போல வந்தது வள்ளிக்கு. துப்பினால் தன் மேலும் பாதி விழும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

மாரித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கிட்ட மருந்து இல்லக்கா. சத்தியமா இல்ல. அந்த லேபிள் பொய். நாளைக்கே மதுரைக்குப் போவோம்” என்றாள்.

மாரித்தாய் நம்பவில்லை. “பணக்காரவியளுக்கு மட்டுந்தான் குடுப்பியளோ?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வள்ளி அழுதுகூடப் பார்த்தாள். கடைசியில் மாரித்தாயின் கண் பையில் இருந்த குழாய்களின் மேல் விழுந்தது.

“எல்லாருக்கும் ரத்தம் எடுக்கியே, எனக்கு எடு. எடுத்துப் பாத்துட்டு அதுக்குத் தக்கன மருந்து தருவ, என்ன? நீ எடுத்தாத்தான் நான் மதுரைக்கு வருவேன்.”

இல்லை, இது வைத்தியம் இல்லை என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் மதுரைக்கு வர மாட்டாள். இதுதான் காரணம் என்று வள்ளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் ஊசி குத்தினாள். இரண்டு குழாய் போதும், மூன்று எடுத்தாள்.

“இப்பவே லேசா இருக்க மாதிரி இருக்கு” என்றாள் மாரித்தாய்.

வெயிலுமுத்து, “ஐஸ் வாங்கியாரட்டுமாம்மா?” என்று கேட்டான். வேண்டாம், குளிர்ந்தால் அந்த அணுக்கள் வேலை செய்யாது என்று சொல்லி, குழாய்களைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். ஒரு நாளுக்குள் சென்னையில் கிண்ணத்துக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்ததெல்லாம் வீண்.

மதுரைப் பேருந்தில் மூன்று பேரும் போனார்கள். பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தி எழுந்துபோனார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரை டாக்டர் கூப்பிடவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

“நீ போ தாயி. அது கெட்டுப் போயிரும்லா” என்று மாரித்தாய்தான் சொன்னாள். வள்ளி போய்விட்டாள்.

உள்ளே கூப்பிட்ட டாக்டர் என்ன சொன்னார் என்று வெயிலுமுத்து மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னான். “ஆறு மாசம் முந்தி வந்திருந்தா அறுத்திருக்கலாமாம். இப்ப ஈரலுக்குப் போயிட்டாம்.” ஆவணியில் மாரித்தாய் செத்துப்போனாள். கடைசிவரை, சென்னையில் வள்ளி தன் ரத்தத்துக்கு மருந்து சேர்த்துக்கொண்டிருப்பதாகத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாளாம்.

கொல்லி அணுக்கள் அவள் ரத்தத்தில் ஏராளமாக இருந்தன. எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் ஒன்றும் வேலை செய்யவில்லை. நோயே அவற்றை முடக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. டிசம்பரில் கருத்தரங்கில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அற்புதமான சாம்பிள். வைத்தியம் தொடாத கேஸ் இந்தக் காலத்தில் எங்கேயம்மா கிடைத்தது?” என்று கேட்டார்.

“எங்க ஊர்ல சார்” என்றாள் வள்ளிமயில். சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த பெருமை அவள் காதில் விழுந்தது.