கென்ஸாவுக்குத் தண்ணீர் கொடுத்தவர்

மெக்னெஸ் நகரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் யம்னா இருந்தாள். நானும் அவளும் சேர்ந்து ஜெல்லாபா அங்கிகள் தைத்து விற்றோம். கலகலப்பானவள். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால், "இந்தக் காசுக்குக் கை ரெண்டும் தைச்சுத் தரேன், உடம்பை நீங்க தைச்சுக்கங்க" என்பாள். தலைத்துணி நழுவிக் கண்ணை மறைத்தால் மட்டும் வெடுக்கென்று இழுத்துவிட்டு, ஊசியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்பாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது ரொட்டி விலை ஏறி ஊரே தெருவில் இறங்கியது. அவளையும், அவளோடு வேலை பார்த்த கென்ஸாவையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எங்கேயோ ஒரு வீட்டில் அடைத்தார்கள். கடைசிவரை கண்கட்டை அவிழ்க்கவில்லை. யம்னா திரும்பி வந்தாள். கென்ஸா வரவில்லை. அவள் உடலும் வரவில்லை.

காலம் மாறிய பிறகு, நடந்ததைக் கேட்க அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஊர் முன்னால் மேடையேறிச் சொன்னார்கள்; டிவியிலும் காட்டினார்கள். மேடையில் எவர் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்று நிபந்தனை. யம்னாவுக்குச் சொல்ல எந்தப் பெயரும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கென்ஸா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒருவரும் கொடுக்கவில்லை, பிறகு சத்தம் நின்றுபோயிற்று என்று சொன்னாள். கென்ஸாவின் தாய் லல்லா ஹனியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

மறுநாள் காலை நானும் யம்னாவும் சந்தையிலிருந்து வந்தோம். மூன்றாம் மாடி ஹாஜி மீலூத் படியிறங்கி வந்தார். மனைவியை இழந்தவர், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. யம்னாவின் கேஸ் சிலிண்டரை அவர்தான் தூக்கி வைப்பார். ரமலானில் அவள் காய்ச்சும் சூப் அவருக்கும் போகும். ஆறுதல் சொல்ல நிற்கிறார் என்றுதான் நினைத்தோம்.

"நேத்து டிவியில பார்த்தேன் மகளே. நல்லா பேசுனே. ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா சொல்லிட்டே."

"என்ன ஹாஜி?" யம்னா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுக்கலைன்னியே. குடுத்தோம். நான்தான் குடுத்தேன், என் கையால. நடக்காததை ஊர் முன்னாடி சொல்லலாமா?"

அவர் முகத்தில் பயமில்லை, வெட்கமில்லை. மனத்தாங்கல்தான் தெரிந்தது. எனக்கு உடனே விளங்கவில்லை. யம்னா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"குடிச்சாளா?"

"ரெண்டு வாய் குடிச்சா."

"அப்புறம் அவளை எங்கே புதைச்சீங்க?"

தாம் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். திரும்பி மேலே ஏறினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

என் மகனின் சுன்னத்தன்று அவனை மடியில் வைத்துப் பிடித்திருந்தவர் அந்த மனிதர். யம்னா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணைக் கட்டியிருந்தப்ப கேட்ட அந்தக் குரலைச் செத்தாலும் மறக்க மாட்டேன்னு இருந்தேனே. இந்தப் படியில தினமும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். எப்படித் தெரியாமப் போச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

அன்றே குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். யம்னா அதோடு விடவில்லை. மேடையில் தவறாகச் சொன்னதை மேடையிலேயே திருத்த வேண்டும் என்றாள். அது அவர்களைக் கொண்டுபோன ஆட்களுக்குத்தானே சாதகமாகப் போகும் என்று அவர் தயங்கினார்.

"போகட்டும். என் வாயால ஒரு பொய் நிக்கக் கூடாது" என்றாள் யம்னா.

அடுத்த அமர்வு ஃபெஸ் நகரில் நடந்தது. அவளுக்குச் சில நிமிடங்கள் கொடுத்தார்கள்.

"போன தடவை நான் சொன்னதுல ஒண்ணு தப்பு. கென்ஸாவுக்குத் தண்ணி குடுத்திருக்காங்க. குடுத்தவரே எங்க வீட்டு மாடிப்படியில நின்னு என்கிட்ட சொன்னார். பேர் சொல்லக் கூடாதுன்னு விதி. நான் சொல்லல."

அவ்வளவுதான் பேசினாள்.

நாங்கள் ஊர் திரும்பியபோது மூன்றாம் மாடி பூட்டிக் கிடந்தது. டாஞ்சியர் நகரிலிருந்து ஹாஜியின் மகன் வந்து அவரைக் காரில் அழைத்துப் போய்விட்டானாம். பிறகு குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. வயதாகிவிட்டது, எதுவும் நினைவில்லை என்றாராம். கென்ஸா எங்கே கிடக்கிறாள் என்று இன்றுவரை தெரியாது.

சில நாள் கழித்து லல்லா ஹனியா எங்கள் கடைக்கு வந்தார். படியில் ஹாஜி சொன்னதை யம்னா ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தத் தாய் அழவில்லை. தண்ணீரைக் கிளாஸில் கொடுத்தானா, உள்ளங்கையில் ஊற்றிக் கொடுத்தானா என்று கேட்டார். கிளாஸ் என்று சொல்லி அவர் மனதை ஆற்றியிருக்கலாம். யம்னா அப்படிச் சொல்லவில்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா."

அந்தத் தாய் இரண்டு விரலை நீட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வாய்னு எண்ணியிருக்கான். அப்போ பக்கத்துலயேதான் நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்" என்றார்.

யம்னா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் அருகில் போய் உட்கார்ந்தாள். அன்று நாங்கள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டோம்.