பேரிக்காய் மரத்துக்குக் குளிர் போதவில்லை

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால், பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன் கோடாலியோடு நிற்கிறார். எதிரே அவர் மனைவி பிலோமினா அக்கா, பேரிக்காய் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு...

"நகரு புள்ள. ஒன்னையும் சேத்து வெட்டவா?"

"டீச்சர் சொல்லட்டும். அப்புறம் வெட்டுங்க."

டீச்சர் என்றால் நான்தான். விவசாயம் படித்தவளா? இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறவள். அவ்வளவுதான் தகுதி.

பேரிக்காய் மரம் சில வாரம் குளிரில் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். குளிர் நாடுகளில் இலை தானாகக் கொட்டிவிடும். எங்கள் நுவரெலியா மலைப் பக்கம் கொட்டாது. அதனால் கார்த்திகையில் நாமே ஏறி, ஓர் இலை விடாமல் உருவி, மரத்தைத் தூங்க வைப்போம். மிச்சத்தை மார்கழிக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டிருந்தது. சில வருடங்களாக இல்லை. காய் குறைந்து குறைந்து, கடைசியில் நின்றே போனது.

போன வருடமே அண்ணன் மரத்தை வெட்டி லீக்ஸ் பயிர் போடப் பார்த்தார். அக்கா கலங்கிப்போனார். குடியிருக்கும் லயத்து வீடு தேயிலைத் தோட்டத்துடையது, பறிக்கிற கொழுந்தும் தோட்டத்துடையது. அவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த மரம் ஒன்றுதான். நான் கொப்பியை நீட்டி, "அடுத்த வருசம் நல்லா குளிரும்க்கா, பொறுங்க" என்றேன்.

நம்பினார். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, நான்கு சாயங்காலம் தனியாக இலை உருவினார். உறைபனி விழ வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டார். உறைபனி விழுந்தால் தேயிலை கருகும், வேலை நிற்கும். மலையில் அவரோடு கொழுந்து பறிப்பவர்கள் விடுவார்களா?

"ஏன்டி, ஒன் மரம் பூக்க எங்க கொழுந்து கருகணுமா?"

"ஒரே ஒரு நாளு கருகட்டுமே! நானுந்தான வீட்ல இருப்பேன்" என்று சிரித்தாராம்.

கருகவில்லை. தை போனது, மாசியும் போனது. உருவிய கிளைகளின் நுனியில் மட்டும் கொத்தாகத் துளிர். பூ? எண்ணி ஏழு. அதுவும் உதிர்ந்துவிட்டது.

"இன்னும் ஒரு வருசம் பாக்கலாமா டீச்சர்? ஒங்க கொப்பியில என்னா போட்டிருக்கு?" என்று மரத்தில் சாய்ந்தபடியே கேட்டார் அக்கா.

எடுத்து வந்து புரட்டினேன். வருடத்துக்கு வருடம் குளிர்ந்த காலைகள் குறைந்துகொண்டே வருகின்றன — என் கையெழுத்தில், வரிசையாக. போன வருடமும் இதே பக்கங்கள் இதையேதான் சொல்லின. நான்தான் மாற்றிச் சொன்னேன்.

"இல்லக்கா. இனிமே அந்தக் குளிரு வராது."

அக்கா மரத்தை விட்டு விலகினார். அவ்வளவு அவசரப்பட்ட அண்ணன் ஏனோ கோடாலியைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றார்.

"ஏங்க, நிக்கிறீங்க? வெட்டுங்க" என்றது அக்காதான். நின்று பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உண்மையைக் காலை ஆறு மணிக்கே எழுதிவிடுகிறேன். வாய் திறந்து சொல்லத்தான் ஒரு வருடம் ஆகிறது!