அண்ணனின் காரியத்தன்று பேசிய ஒலிபெருக்கி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சோமனூரில் தறி ஓட்டுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, அன்னூரில் என் அண்ணனின் காரியத்தன்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். இப்போது நினைத்தாலும் பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அண்ணன் சுந்தரம் போர் விமானி. எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் ஒரு பாலத்தைத் தாக்கப் போனபோது, கூடப் பறந்த நண்பன் வர்கீஸின் விமானம் சுடப்பட்டு விழுந்தது. வர்கீஸ் பாராசூட்டில் இறங்கியதை அண்ணன் பார்த்திருக்கிறான். எதிரியின் வண்டிகள் அவனை நெருங்காதபடி மேலேயே சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தவனை, உடனே திரும்பு என்று ரேடியோவில் உத்தரவு போட்டுக் கூப்பிட்டார் மேலதிகாரி. திரும்பினான். வர்கீஸ் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. விசாரணையில் அந்த அதிகாரி, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். நண்பனை விட்டு ஓடி வந்தவன் என்ற பேச்சு அண்ணன் மேல் ஒட்டிக்கொண்டது. அப்புறம் எங்கே பதவி உயர்வு. வேலையை உதறிவிட்டு அன்னூரில் வாழை போட்டான், கல்யாணமும் செய்துகொண்டான். தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்திலேயே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான்.

காரியத்துக்கு அந்த அதிகாரியே காரில் வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் ஓடிப்போய் நாற்காலி போட்டு, மைக்கையும் கையில் கொடுத்தார்கள். சுந்தரம் மாதிரி வீரனைப் பார்த்ததில்லை என்று ஆரம்பித்தார் பாருங்கள், சட்டையைப் பிடிக்க எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க தம்பி. அவரு காரியத்துல சண்டை வேண்டாமுங்க" என்று அண்ணி தடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, மைக்கும் செத்தது. பட்டப்பகல், பந்தல் நிறைய ஆட்கள். நம்பினால் நம்புங்கள், அந்த ஒலிபெருக்கியிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது, விமானிகள் மூக்கையும் வாயையும் மூடி மாட்டுகிற முகமூடிக்குள் விடுகிற மூச்சு. பிறகு அண்ணனின் குரல், இளவயதுக் குரல். அவன் உயிரோடு இருக்கிறான், நான் மேலேயே சுற்றுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

அதிகாரி மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். திரும்பி வா, இது என் உத்தரவு என்று அவரும் ஆங்கிலத்திலேயே கத்தினார். கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. மைக்கைப் போட்டுவிட்டுக் காருக்கு நடந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"இத்தன பேரு முன்னால சொன்னீங்கல்ல, அதையே எழுதிக் குடுத்துப்போட்டுப் போங்க."

"நான் எதுவும் சொல்லலப்பா" என்று காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மைக் செட்டுக்காரர் பேட்டரியே கொண்டுவரவில்லை என்று சத்தியம் செய்தார். ஊர்ப் பெரியவர்களோ, "பெரிய மனுசனுக்கு வெயிலு ஒத்துக்கலீங்க" என்று மழுப்பினார்கள். அத்தனை பேருக்கும் காது இருந்தது, ஒருவருக்கும் வாய் இல்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க தம்பி, அந்த ஆளு கத்துனதுக்கப்பறம் ரெண்டு பேரு சேந்து சிரிச்சாங்களே. ஒருத்தரு உங்கண்ணன். இன்னொருத்தரு ஆருங்க?"

எனக்கு எந்தச் சிரிப்பும் கேட்கவில்லை. பின்னாளில் பந்தலில் இருந்த ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டேன், யாருக்குமே கேட்கவில்லை.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவரு அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்க" என்றாள் அன்று அண்ணி.